விரல் அவனுடையது

அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்தும் வே. மனுசன் உட்கார வேண்டாமா? கண்ணாஸ்பத்திரி பெஞ்சு என்ன உம்ம பாட்டன் சொத்தா?

ம். யாருக்குப் பார்க்க வந்தீர்? அம்மாவுக்கா. புரையா. புரையெல்லாம் ஒரு வியாதியா ஓய்? உரித்து எடுத்துவிட்டு ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து அனுப்பிவிடுவான். நாளைக்கே உம்ம பெண்டாட்டி வைத்த குழம்பில் தூசி கிடக்கிறது என்று சண்டைக்கு நிற்பாள். பயப்படாதேயும்.

எனக்கா? எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. கழுகுக் கண். நான் அடித்த பயலுக்கு இன்றைக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்கு வந்தேன். இடது கண்.

ஏன் வே தள்ளி உட்காருகிறீர்? உம்மை ஏன் அடிக்கப் போகிறேன்? நீர் என்ன எனக்குக் கீழே வேலை பார்த்தவரா?

சரி, வாயைக் கிளறிவிட்டீர். முழுசாகக் கேளும். பாதியில் எழுந்து போய், கிழட்டு மிருகம் என்று பேசக் கூடாது. ஊர் அப்படித்தான் பேசுகிறது.

என் பேர் பலவேசம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டு. அதன் பேர் வேண்டாம், கேஸ் நடக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் ரூம் என்னுடையது. என் பொறுப்பில் இருந்தது என்று சொல்லுவான் மேனேஜர். பொறுப்பாவது வெங்காயமாவது. என்னுடையது. ஒவ்வொரு வயரும் நான் இழுத்தது. ரிட்டயர் ஆகிவிட்டேன், ஆமாம். மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போலப் போய்க் கதவைத் திறந்தேன். சாவியை யாரும் கேட்கவில்லை. பாஸ்வேர்டையும் மாற்றவில்லை. எப்படிக் கேட்பான்? எவனுக்குத் தைரியம் இருக்கிறது?

கிதியோன் என்று ஒருத்தன். அவன்தான் உள்ளே இருக்கிறவன். எனக்குக் கீழே வேலை பார்த்தவன், எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்தவன். நல்ல பய. ஒரே குறை, கேள்வி கேட்பான். இதை இப்படிச் செய்யலாமா சார், அதை எடுத்திரலாமா சார். மண்டையில் ஒரு கொட்டு வைத்தால் அடங்கும். பிள்ளை குட்டிக்காரன் மண்டையில் கொட்டலாமா என்று பார்க்காதேயும். பிரியத்தில் கொட்டுவது. உமக்கு அது புரியாது.

சர்வர் என்றால் தெரியுமா? தெரியாது. பெரிய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். கேட்டில் லாரி வந்து நின்றால், இந்தக் கண்டெய்னர் யாருடையது, எந்தக் கப்பலுக்கு, சுங்கம் விட்டாயிற்றா என்று பார்த்து, சீட்டு அடித்து, கேட்டைத் தூக்கிவிடுவது ஒரு சர்வர். அதற்குக் கேட் சர்வர் என்று பேர். அது செத்தால் யார்டு செத்தது.

முன்பெல்லாம் ஒவ்வொரு சர்வருக்கும் வயிற்றுக்குள்ளேயே டிஸ்க் இருக்கும். அதன் புத்தி, ஞாபகம் எல்லாம் அதில்தான். அடிக்கொரு தடவை ஒன்று சாகும். ஒருநாள் எனக்கு வெறி பிடித்துவிட்டது. மேனேஜர் மேஜையில் குத்தி, பெரிய ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வாங்க வைத்தேன். எல்லா சர்வருக்கும் டிஸ்க் அந்தப் பெட்டிக்குள்ளே. சர்வருக்கு வயிறு காலி. கரண்ட் கொடுத்தால், ஒளி வயர் வழியாகப் பெட்டியிடம் போய் என் டிஸ்க்கைக் கொடு என்று கேட்டு, அதிலிருந்து எழுந்திருக்கும். மந்திரவாதி உயிரைக் கொண்டுபோய்க் கிளிக்குள் வைப்பானே, அந்த மாதிரி. உடம்பு போனால் போகட்டும். வேறு உடம்பு கொடுத்தால் போதும்.

பெட்டி விற்றவன் ஒரு பயலை அனுப்பியிருந்தான், டை கட்டிக்கொண்டு. "பழைய டிஸ்க்கெல்லாம் உள்ளேயே இருக்கட்டும் சார், ஒரு தைரியத்துக்கு" என்றான். இருந்தால் சர்வர் பழைய வீட்டுக்கே ஓடும் வே, நாய் மாதிரி. எல்லாவற்றையும் உருவி யார்டு தரையில் போட்டேன். சம்மட்டி எடுத்து அடித்தேன். தகடு தகடாகத் தெறித்தது. டை கட்டினவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். அவன் பிறகு ஒரு அறையும் வாங்கினான். பெட்டிக்குப் போக ஒரு சர்வருக்கு இரண்டு வயர். ஒன்று அறுந்தால் மற்றது. ஆனால் முதல் தடவை சிஸ்டம் ஏற்றும்போது ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே டிஸ்க் இரண்டாகத் தெரியும், குடிகாரனுக்கு நிலா தெரிகிற மாதிரி. அந்த மடையன் கழற்றாமல் ஏற்றப் பார்த்தான். அறைந்தேன். கழற்றினான். வேலை நடந்ததா இல்லையா? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்.

இனிமேல்தான் விஷயம். தூங்காதேயும்.

ஒவ்வொரு சர்வரிலும் ஒரு கார்டு இருக்கும். கார்டுக்கு ஒரு நம்பர், செய்யும்போதே பதித்தது. பெட்டிக்கு முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும். இந்த நம்பர் வந்து கேட்டால் இந்த டிஸ்க்கைக் கொடு என்று நாம்தான் பெட்டிக்குச் சொல்லி வைக்க வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில் கேட் சர்வர் புகைந்தது. கருகின வாடை. கேட் நின்றுவிட்டது. லாரி உப்பளம் வரைக்கும் நிற்கிறது, ஒரே ஹாரன். நான் கேன்டீனில் இருந்தேன். போனால், கிதியோன் என் நாற்காலியில் உட்கார்ந்து ஆற அமர யோசித்துக்கொண்டிருக்கிறான்.

"சார், ஸ்பேர் சர்வர் ஒண்ணு சும்மா நிக்குல்லா, அதை மாத்திருவோம். செத்த கார்டு நம்பரை எடுத்துட்டு, ஸ்பேர் கார்டு நம்பரை..."

"தள்ளுலே."

காலரைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன். இடுப்பு, சர்வர் அடுக்கின இரும்பு ரேக்கில் மோதியது. நான் உட்கார்ந்தேன். கேட் டிஸ்க்குக்கு எதிரே ஸ்பேர் நம்பரைச் சேர்த்தேன். சுவிட்சைப் போட்டேன். எழுந்தது. கேட் மேலே போனது. டிரைவரெல்லாம் விசில் அடித்தான். அவ்வளவு சுருக்காக எவன் செய்வான், சொல்லும்?

இவன் பின்னால் நின்று முனகுகிறான். "சார், பழைய நம்பரும் அப்படியே நிக்கி. அதை எடுத்திருவோம்."

"எதுக்குலே?"

"ஒரு டிஸ்க்குக்கு ரெண்டு நம்பர் இருக்கப்படாதுல்லா."

"செத்தவன் வந்து கேக்கவா போறான்? அது ரிப்பேர் ஆகி வந்தா மறுபடி சேக்க யாரு வருவா, உங்கப்பனா? கெடக்கட்டும்."

"இல்ல சார், என்னைக்காவது..."

"என்னைக் கேக்காம அதுல கை வச்சே, ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

அவன் கை வைக்கவில்லை. சொன்னால் கேட்கிற பய. அதற்குக் குறை சொல்ல மாட்டேன்.

செத்த சர்வர் ரிப்பேருக்குப் போனது, திரும்பி வந்தது. ஆனி மாதம். நானே தூக்கி ரேக்கில் ஏற்றினேன். ஒளி வயர் இரண்டையும் நானே மாட்டினேன். இந்த வயதில் எவன் தூக்குவான் அதை? கிதியோனைக் கூப்பிட்டேன். "போடுலே சுவிட்சை. உயிர் இருக்கான்னு பாப்போம்."

"ஒளி வயரைக் கழத்திட்டுப் போடுவோம் சார்."

"வயரைக் கழத்திட்டு எதுலருந்துலே எந்திரிக்கும்? பொணத்துக்கு நாடி பாக்கப் போறியா?"

"வெளிய லாரி ஓடிக்கிட்டு இருக்கு சார். ஸ்பேர்க்காரன் அந்த டிஸ்க்லதான் நிக்கான். பழைய நம்பரை எடுக்காம இதைப் போட்டா..."

பழைய நம்பர், பழைய நம்பர். கிளிப்பிள்ளை மாதிரி. போடுலே என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். என் முன்னால்! என் ரூமில்!

மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி இழுத்தேன். மளுக்கென்று ஒரு சத்தம். அவன் கத்தினான். விரலை நீட்டிப் பிடித்துப் பட்டனில் வைத்து அமுக்கினேன்.

நான் பட்டனை அமுக்கினேன் என்று சொல்லவில்லை, கவனியும். என் கை அவன் கை மேல் இருந்தது. பட்டனில் பட்டது அவன் விரல். விரல் அவனுடையது. இதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால் ரைட்டர் சிரிக்கிறான். நீரும் சிரிக்கிறீரா? சிரிக்கவில்லையா. சரி.

செத்தவன் எழுந்தான். நேரே பெட்டியிடம் போய்த் தன் நம்பரைச் சொன்னான். பெட்டி டிஸ்க்கைக் கொடுத்துவிட்டது. அதே டிஸ்க்கில்தான் ஸ்பேர்க்காரன் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். ஒருத்தன் சாப்பிடுகிற இலையில் இன்னொருத்தன் வந்து உட்கார்ந்து எதிர்ப்பக்கமிருந்து அள்ளினால் என்ன ஆகும்? இலை கிழியும். சோறும் குழம்பும் மண்ணாகும். இரண்டு பேருக்கும் இல்லை. அதுதான் நடந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரை கறுத்தது. அடுத்தது கறுத்தது. கேட் இறங்கினது இறங்கினதுதான். டிஸ்க்கே கந்தல். இனி ஸ்பேர் போட்டு எழுப்ப முடியாது.

அன்றைக்கென்று யார்டுக்குள்ளே, துறைமுகத்துக்குப் புறப்பட, இறால் ஏற்றின குளிர்ப்பெட்டி லாரியாக நிற்கிறது. சாயங்காலம் கப்பல். நிற்கிற வண்டியில் டீசலும் தீர்கிறது. டிரைவர்கள் முதலில் ஹாரன் அடித்தார்கள். பிறகு கல். கேட் கேபின் கண்ணாடி போனது. வாட்ச்மேனைச் சட்டையோடு தூக்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டார்கள். மேனேஜர் கோமதிநாயகம் சமாதானம் பேசப் போனவர், சட்டைப் பித்தான் இல்லாமல் ஓடி வந்தார். பின்னாலேயே கும்பல். ஒருத்தன் ஜாக்கி லிவரால் என் கதவை அடிக்கிறான். என் கதவை!

"எவம்லே கேட்டை அடைச்சது? வெளிய வாங்கலே! கப்பல் போயிட்டுன்னா எறாலை உங்க வாயிலயா கொட்ட?"

கதவு பிளந்தது. உள்ளே வந்த முதல் ஆளுக்கு மூக்கில் ஒன்று வைத்தேன். இரத்தம் என் சட்டையில். அவன் கூட்டாளி என்னைச் சுவரோடு அறைந்தான். இங்கே பாரும், காதுக்குப் பின்னால், தையல். மேனேஜர் நடுவில் வந்து விழுந்து தடுத்தார். மூச்சு வாங்குகிறது அவருக்கு. எல்லார் முன்னாலேயும் கேட்டார்.

"யாருய்யா அதை ஆன் பண்ணினது?"

கிதியோனைப் பார்த்தேன். அவன் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். நான் ஆளாக்கின பய. நான்தான் சார், தெரியாமப் பண்ணிட்டேன் என்று சொன்னால் என்ன, தலையா போய்விடும்? அவனுக்கு வயது இருக்கிறது. திட்டு வாங்குவான், மறந்துவிடுவார்கள். எனக்கு மிச்சம் இருப்பது அந்த ரூமும் அந்தப் பேரும்தான். சொல்லியிருக்க வேண்டாமா? நீரே சொல்லும்.

அவன் சொல்லுகிறான், சத்தமே இல்லாமல். "சார்தான் என் கையைப் பிடிச்சு அமுக்கினாரு. பழைய நம்பரை எடுக்க விடலை. தப்பு எம்மேலயும் உண்டு சார். ரிட்டயர் ஆன அன்னைக்கே அவரு பாஸ்வேர்டை எடுத்திருக்கணும். பாவம்னு விட்டுட்டேன்."

பாவம்னு!

என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல இவன் யார் வே?

சர்வரை ரேக்கில் தாங்கி நிற்க ஒரு இரும்புத் தண்டவாளம் உண்டு, முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். முனையில் கொக்கி. ஒன்று ரேக்கில் சாத்தி இருந்தது. கையில் வந்தது. எப்படி வந்தது என்று தெரியாது. முதல் அடி தோளில். அவன் ஓடவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரு கை வீங்கியிருக்கிறதே, எதைத் தூக்குவான்? அடுத்த அடி முகத்தில். கொக்கி இடது கண்ணில் மாட்டியது. இழுத்தேன். இழுத்தேனா, வந்ததா, தெரியாது. அவன் உட்கார்ந்தான். விரலிடுக்கு வழியாக வழிகிறது, இரத்தம் மட்டும் இல்லை வே, வேறு ஏதோ தண்ணீர் மாதிரி. ஏசி ரூம் தரை வெள்ளைத் தரை. நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த தரை.

மூன்றாவது அடிக்கு ஓங்கினேன். ஓங்கினதை ஒத்துக்கொள்கிறேன். ஜாக்கி லிவர் வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தான். "யோவ் பெருசு, போதும்யா, செத்துருவான்" என்கிறான். அடிக்க வந்தவன் சொல்லுகிறான்! அவனே இன்னொருத்தனோடு சேர்ந்து கிதியோனைத் தூக்கித் தன் லாரியில் போட்டான். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது, கேட் அடைத்துக் கிடக்கிறது. என்ன செய்தான் தெரியுமா? வண்டியைப் பின்னால் எடுத்து, வந்த வேகத்தில் கேட்டை இடித்தான். முறிந்து விழுந்தது. அதன் மேலேயே ஏறிப் போனான். அவன் பின்னாலேயே அத்தனை லாரியும் போனது, சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை. இப்படிக் கேட் திறந்ததை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

பிறகென்ன. போலீஸ். கிதியோன் பெண்டாட்டி ஜெசிந்தா ஸ்டேஷனுக்கு வந்தாள். எத்தனையோ தடவை அவள் கையால் மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றி இரண்டு கன்னத்திலும் அடித்தாள். ஏட்டு தடுக்க வந்தான். "விடும், அடிக்கட்டும்" என்றேன். பொம்பளை அடி. வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் செய்தது தப்பு என்று அவள் வாயால் சொன்னாள் பாரும், அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்குக் கார்டு நம்பரைப் பற்றி என்ன தெரியும்?

ஜாமீனில் எடுத்த வக்கீல் சொல்லுகிறான், கண் பிழைத்தால் ராஜியாகப் போய்விடலாமாம். ஜெசிந்தாவே சொல்லிவிட்டாளாம், "அவுகளுக்குப் பார்வை மட்டும் வந்தாப் போதும், அந்தக் கெழவன் மூஞ்சியில கோர்ட்டுல கூட நான் முழிக்க வேண்டாம்" என்று. கண் போய்விட்டால் கொடுங்காயம். ஏழு வருஷம் வரைக்கும் போடலாமாம். ஏழு வருஷம் கழித்து வெளியே வந்து நான் எதைத் திறக்க?

ஆனால் அதற்காக மட்டும் வரவில்லை. எழுதி வைத்துக்கொள்ளும். ஒளி வயரின் முனையில் மயிரளவு கீறல் இருக்கும், லென்ஸ் வைத்தாலும் எனக்குத் தெரியாது, அவன் வெறுங்கண்ணால் சொல்லுவான். அப்படிப்பட்ட கண். டாக்டர் நல்லவன் என்கிறார்கள். பிழைத்துவிடும். பிழைக்காமல் எங்கே போகும்?

அந்தா, கதவு திறக்கிறது. ஜெசிந்தா. அவள் பின்னால் அவன்தான். கட்டு இல்லை பாரும்! கறுப்புக் கண்ணாடியைக் கையில்தான் வைத்திருக்கிறான். கண் திறந்துதான் இருக்கிறது. சிவந்து கிடக்கிறது, ஆனால் திறந்து இருக்கிறது. சொன்னேனா இல்லையா?

அவர்களிடம் கேட்டால் எனக்குச் சொல்ல மாட்டார்கள். டாக்டர் முதலிலேயே விரட்டிவிட்டான். நானே பார்த்துவிட்டு வருகிறேன். என் பையைப் பார்த்துக்கொள்ளும். எழுந்திருக்காதேயும், நீர் வர வேண்டாம்.

...

வந்துவிட்டேன். தள்ளி உட்காரும்.

திமிர் வே. திமிரைப் பார்த்தீரா? நீரும் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? அவனுக்கு இடது பக்கமாகப் போய் நின்றேன். ஒரு எட்டு தூரம்தான். மருந்துக் கவுண்டரைப் பார்த்து நிற்கிறான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி என்று கையை ஓங்கினேன். நிஜமாக அடிக்கவா போகிறேன்? சும்மா. கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். காற்று பட்டிருக்கும். இமை தட்டவில்லை! அய்யனார் கோயில் குதிரை மாதிரி நிற்கிறான். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் அப்படி நிற்பான்?

அவள் பார்த்துக் கத்தினாள். அப்புறம்தான் முகத்தை முழுசாக இந்தப் பக்கம் திருப்பினான். திருப்பின பிறகு நடிப்பு. ஐயோ என்று பின்னால் பாய்ந்து கவுண்டரில் முட்டிக்கொள்கிறான், கையால் முகத்தை மூடுகிறான். முதலில் திமிர், பிறகு நடிப்பு. முன்னாலேயே பார்த்தவன்தானே? ஒரு எட்டு தூரத்தில் நிற்கிறவனைப் பார்க்காமல் இருப்பானா எவனாவது?

என்ன வே?

ஏன் என் மூஞ்சியையே பார்க்கிறீர்? ஏதோ சொல்ல வருகிறீர். சொல்லும்.

இல்லை, வேண்டாம். வாயை மூடும். ஒரு வார்த்தை சொன்னீர் என்றால் பல்லைக் கழற்றிவிடுவேன்.